பிரவுன்-செக்கார் கூட்டறிகுறி

பிரவுன்-செக்கார் கூட்டறிகுறி என்பது தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் சேதமடையும்போது தோன்றும் நரம்பியல் குறைபாடு ஆகும். இதில் காயம்பட்ட பக்கத்தின் தசைகள் வலுவிழக்கின்றன. வலியையும் வெப்பத்தையும் உணரும் திறனோ எதிர்ப்பக்கத்தில் மறைகிறது. முதன்முறை கேட்போருக்கு இது முரண்பாடாகத் தோன்றலாம். மொரிசியசில் 1817 இல் பிறந்த மருத்துவர் சார்லசு எடுவார்டு பிரவுன்-செக்கார், விலங்குகளின் தண்டுவடத்தைப் பாதியளவு வெட்டி ஆராய்ந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதனை விளக்கினார்.

நரம்புப் பாதைகள் பக்கம் மாறும் இடம்

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே இடையில் செல்லும் நரம்புப் பாதைகள் எங்கேனும் பக்கம் மாறியாக வேண்டும். அவை அனைத்தும் ஒரே இடத்தில் மாறுவதில்லை என்பதே இக்குறைபாட்டுக்கு அடிப்படை.

இயக்கக் கட்டளைகளைக் கொண்டுவரும் இழைகளில் பெரும்பாலானவை முகுளத்திலேயே பக்கம் மாறிவிட்டு, தாம் இயக்கும் பக்கத்தின் வழியே தண்டுவடத்தில் இறங்குகின்றன. அதிர்வையும் உறுப்புகளின் நிலையையும் அறிவிக்கும் பாதை தண்டுவடத்தின் பின்பகுதியில் அதே பக்கமாக ஏறி, முகுளத்தை அடைந்த பின்னரே மறுபக்கம் செல்கிறது. வலி, வெப்பம், குளிர்ச்சி ஆகியவற்றின் பாதையோ தண்டுவடத்தில் நுழைந்து ஓரிரு துண்டங்கள் ஏறுவதற்குள் மறுபக்கம் கடந்து, தாலமசை நோக்கிச் செல்கிறது.

அறிகுறிகள்

மார்புப் பகுதியில் தண்டுவடத்தின் வலப்பாதி கத்திக்குத்தால் அறுபட்டதாகக் கொள்வோம். வலக்கால் முதலில் தளர்ந்து, பின்னர் விறைப்படைகிறது. கண்களை மூடிக்கொண்டால், அக்காலின் பெருவிரல் மேலே வளைக்கப்பட்டதா கீழே வளைக்கப்பட்டதா என்று நோயாளியால் கூற இயலாது. இசைக்கவையின் அதிர்வும் தெரியாது. எனினும் குண்டூசியால் குத்தினால் வலிக்கும். இடக்கால் இயல்பாக அசையும். ஆனால் குத்தினால் ஏதோ தொடுவது மட்டுமே தெரியும், வலி தெரியாது. மெல்லிய தொடுவுணர்வு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் செல்வதால் முற்றாக அழிவதில்லை. காயத்தின் மட்டத்தில், வலப்பக்கத்தில் மட்டும், எல்லா உணர்வும் அற்ற ஒரு குறுகிய பட்டை காணப்படலாம்.

புறநரம்புக் காயத்தில் இத்தகைய பிரிவு இல்லை. மணிக்கட்டில் நடுநரம்பு வெட்டுண்டால், கட்டைவிரலை இயக்கும் சில தசைகளும் அதே கையின் முதல் மூன்று விரல்களின் உணர்வும் சேர்ந்தே பாதிப்படைகின்றன. தைத்து இணைக்கப்பட்ட புறநரம்பின் இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரக்கூடியவை. தண்டுவட இழைகளுக்கு அவ்வாறு மீண்டும் வளரும் திறன் மிகக் குறைவு.

காரணங்களும் மீட்சியும்

கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, விபத்து, கட்டி, முதுகெலும்பு வட்டுப் பிதுக்கம் முதலியன இதற்குக் காரணமாகலாம். தண்டுவடம் சரிபாதியாக அறுபடுவது அரிது. எனவே நூல்களில் உள்ளவாறு தூய வடிவில் இதனைக் காண்பதும் அரிது. தண்டுவடத்தின் முழுமையற்ற சேதங்களுள் மீட்சி வாய்ப்பு கூடியது இதுவே. பெரும்பாலானோர் மீண்டும் நடக்கின்றனர்.

நோயாளியும் குடும்பத்தாரும் வலுவிழந்த காலையே பெரிதும் கவனிப்பர். ஆனால் நன்றாக அசையும் மற்றக் காலுக்கும் பெரிய இடர் உண்டு. சுடுநீர் பட்டாலும், செருப்பினுள் கல் உறுத்தினாலும் அக்காலில் வலி தெரியாது. புண் நாள்கணக்கில் அறியப்படாமல் பெருகக்கூடும். நடக்கத் தொடங்கிய பின்னரும் இவ்வுணர்விழப்பு நீடிக்கலாம் என்பதால், குளிக்கும் நீரின் சூட்டை உணர்வுள்ள கையால் பார்ப்பதும், பாதங்களை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிப்பதும் தேவையாகின்றன.