வீட்டு முற்றத்துல தண்ணி தேங்குதா? மண் லோடு சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சென்னை சென்ட்ரல் – அரக்கோணம் ரயில் பாதையில், திருநின்றவூருக்கு அடுத்த நிறுத்தம் வேப்பம்பட்டு. வாடகையிலிருந்து தப்பித்து, லோன் போட்டு இந்தப் பக்கம் சொந்த வீடு கட்டியவர்களுக்கு அக்டோபர் வந்தாலே ஒரு கவலை: முற்றத்தில் தேங்கும் மழைத்தண்ணி.

‘ரெண்டு லோடு சவுடு கொட்டிட்டா சரியாகிடும்’ என்பதுதான் வழக்கமான யோசனை. ஆனால் எங்கே பள்ளம், தண்ணி எந்தப் பக்கம் போகணும் என்று பார்க்காமல் கொட்டினால், முற்றம் உயர்ந்து வீடு பள்ளமாகிவிடும். சிறிய முற்றம் என்றால் ஜேசிபி தேவையில்லை. மண்வெட்டி, கடப்பாறை, சட்டி, திமிசுக்கட்டை, நூல், ட்யூப் இருந்தால் போதும்.

ஏன் தேங்குகிறது?

வயலாக இருந்து மனையான இடங்களில் களிமண் அதிகம். வெயிலில் வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். தண்ணியைச் சீக்கிரம் உறிஞ்சாது. வீடு கட்டும்போது தோண்டிப் போட்ட மண்ணும் போகப் போக அமுங்கிப் பள்ளமாகும். தேங்கிய தண்ணி ஒரு வாரம், பத்து நாள் நின்றாலே கொசு முட்டை முழுக் கொசுவாகிவிடும்.

சமமா, சரிவா?

முற்றத்தைக் கேரம் போர்டு மாதிரி தட்டையாக்கக் கூடாது. மேடு பள்ளம் இல்லாமல், அதே சமயம் வீட்டிலிருந்து வெளியே மெல்லச் சரிய வேண்டும். 10 அடிக்கு 2 அங்குலச் சரிவு போதும். நடந்தால் தெரியாது, தண்ணி ஓடிவிடும்.

முதலில் தெருவைப் பாருங்கள். சாலை மேல் சாலை போட்டே பல தெருக்கள் வீடுகளைவிட உயர்ந்துவிட்டன. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டதற்குக் காரணமே இதுதான். உங்கள் தெரு உயரமாக இருந்தால், சரிவை மழைநீர் சேகரிப்புத் தொட்டியை நோக்கித் திருப்புங்கள். பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கி மட்டும் வேண்டாம். அந்தச் சண்டை மழையோடு முடியாது.

ட்யூப் லெவல் பார்ப்பது எப்படி?

கொத்தனார்கள் பயன்படுத்தும் அதே ட்யூப்தான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ட்யூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணி நிரப்புங்கள். இரண்டு முனைகளும் திறந்திருக்க வேண்டும். ட்யூப் எப்படி வளைந்தாலும் இரு முனைகளிலும் தண்ணி ஒரே உயரத்தில்தான் நிற்கும்.

வீட்டோரம் ஒரு முளைக்குச்சி, 10 அடி தள்ளி இன்னொன்று அடியுங்கள். இரண்டிலும் தண்ணி நிற்கும் உயரத்தைக் குறியுங்கள். தூரத்துக் குச்சியில் அந்தக் குறிக்கு 2 அங்குலம் கீழே நூலைக் கட்டுங்கள். வீட்டோரக் குச்சியில் குறியிலேயே கட்டுங்கள். இப்போது நூலே உங்களுக்கு வேண்டிய சரிவைக் காட்டும். நூலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வோர் அடிக்கும் டேப்பால் அளந்தால், இடைவெளி குறைந்த இடம் மேடு, கூடிய இடம் பள்ளம்.

வேலையைத் தொடங்கும்போது

* செப்டிக் டேங்க், தண்ணி பைப், மின் கேபிள் போகும் இடங்களைக் குறித்துவிட்டுக் கடப்பாறையை எடுங்கள்.
* புல், குப்பையை அகற்றுங்கள். மேல்மண்ணைத் தனியே ஒதுக்குங்கள். செடிக்கு அதுதான் உயிர்.
* மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுங்கள். வெளியிலிருந்து மண் வாங்குவது பற்றாக்குறைக்கு மட்டும்.
* ஒரே நாளில் மொத்தமாக நிரப்பாதீர்கள். 3 அங்குலம் போட்டு, லேசாகத் தண்ணி தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்த பிறகே அடுத்த அடுக்கு.
* மண் பதம்: கைப்பிடி மண்ணைப் பிடித்தால் உருண்டையாகணும், விரலால் குத்தினால் உடையணும். பிசுபிசுவென்று ஒட்டினால் ஒருநாள் காய விடுங்கள்.
* கடைசியில் மேல்மண்ணைப் பரப்பி, நீளமான மட்டப்பலகையால் இழுத்துவிடுங்கள்.

எவ்வளவு மண் வாங்கணும்?

20 அடிக்கு 10 அடி முற்றத்தைச் சராசரியாக 3 அங்குலம் உயர்த்த 50 கன அடி மண் வேண்டும், அதாவது அரை யூனிட். இடித்தால் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூடுதலாகச் சொல்லலாம். இந்தக் கணக்கு தெரிந்தால், லோடுக்காரர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

இதை மட்டும் செய்யாதீங்க

மண் மட்டம் வீட்டின் பேஸ்மட்டத்தைவிட அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். சுவரை ஒட்டி மண் ஏறினால் ஈரமும் கரையானும் உள்ளே வரும். மரத்தின் அடித்தண்டையும் மண்ணால் மூடாதீர்கள், அழுகிவிடும். முற்றம் முழுக்க சிமென்ட் போட்டால் தேங்குவது நிற்கலாம், ஆனால் நிலத்தடிக்கு ஒரு சொட்டும் இறங்காது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே முடித்துவிடுவது நல்லது. ஒரு வாளித் தண்ணியை வீட்டோரம் ஊற்றிப் பாருங்கள். அது நிற்கும் இடத்தில் இன்னும் ஒரு சட்டி மண் தேவை. முதல் பெருமழையில் மண் சற்று அமுங்கும். மறுபடி நூல் பிடித்துச் சரிசெய்ய கொஞ்சம் மண்ணை மிச்சம் வைத்திருங்கள்.