மவுஸின் சக்கரம் இயங்காதபோது

நீண்ட பட்டியல்களையும் பல பக்கங்கள் கொண்ட அறிக்கைகளையும் கம்ப்யூட்டரில் பார்வையிடுவோருக்கு மவுஸின் நடுவிலுள்ள சிறு சக்கரம் பெரிதும் உதவுகிறது. லினக்ஸ் முறையில் இயங்கும் கம்ப்யூட்டர்களில் சில வேளை இச்சக்கரம் பயனற்றுப் போவதுண்டு. அம்பு ஒழுங்காக நகரும்; பொத்தான்களும் வேலை செய்யும்; சக்கரத்தைச் சுழற்றினால் மட்டும் பக்கம் அசையாது. இதைக் கண்டவுடன் மவுஸை ஒதுக்கிவிடுவோரும் உளர்; லினக்ஸையே குறை கூறுவோரும் உளர். இரண்டும் அவசர முடிவுகளாகும். பழுது எவ்விடத்தில் உள்ளது என்பதை முறையாக ஆராய்ந்தால், பெரும்பாலும் செலவின்றியே அதனைச் சீர்செய்ய இயலும்.

செய்தி செல்லும் வழி

சக்கரத்தின் அச்சுடன் என்கோடர் என்னும் சிறு உறுப்பு இணைக்கப்பட்டுள்ளது. சக்கரம் சுழலும்போது அதிலிருந்து இரண்டு மின்குறிகள் சற்று முன்பின்னாக எழுகின்றன. எக்குறி முந்துகிறது என்பதைக் கொண்டு சக்கரம் சுழன்ற திசை அறியப்படுகிறது. பல மவுஸ்களில் விரலுக்குப் புலப்படும் ஒவ்வொரு படியும் 15 டிகிரி அளவினது. ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு 24 படிகள் உண்டு.

இச்செய்தி முதலில் லினக்ஸின் மூலப்பகுதியாகிய கெர்னலை அடைகிறது. பின்னர் திரையை ஆளும் அமைப்பிற்கும், இறுதியாக நாம் பயன்படுத்தும் செயலிக்கும் செல்கிறது. இவற்றுள் எந்தக் கண்ணி அறுந்தாலும் பக்கம் நகராது. எக்கண்ணி அறுந்தது என்று கண்டறிவதே வேலையின் பெரும்பகுதியாகும்.

சக்கரம் பொத்தானான வரலாறு

லினக்ஸில் நெடுங்காலம் திரையை ஆண்டுவந்த எக்ஸ் அமைப்பின் 11ஆம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. அக்காலத்து மவுஸ்களில் சக்கரம் இல்லை. 1996இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட இன்டெல்லிமவுஸ் சக்கரத்தைப் பரவலாக்கிற்று. எக்ஸ் அமைப்பிலோ அதற்கென்று தனி இடமில்லை. எனவே, மேல்நோக்கிய ஒவ்வொரு படியும் 4ஆம் பொத்தானை அழுத்தியதாகவும், கீழ்நோக்கியது 5ஆம் பொத்தானை அழுத்தியதாகவும் கொள்ளப்பட்டன. இதனைப் பயனாளரே அமைப்புக் கோப்பில் எழுதிவைக்க வேண்டிய காலமும் இருந்தது. இன்று அது தேவையில்லை. லிப்இன்புட் என்னும் பகுதி சக்கரத்தைத் தானாகவே அறிந்துகொள்கிறது. ஆதலின் பழைய குறிப்புகளைப் பார்த்து அமைப்புக் கோப்பைத் திருத்துதல் கூடாது.

பழைய பிஎஸ்/2 இணைப்பின் இயல்பு வேறு. சாதாரண பிஎஸ்/2 மவுஸ் ஒவ்வொரு செய்தியையும் 3 பைட்டுகளாக அனுப்பும். சக்கரம் உண்டா என அறியக் கம்ப்யூட்டர் 200, 100, 80 என்ற மூன்று வேக எண்களை அடுத்தடுத்து அனுப்பி, மவுஸின் அடையாள எண்ணைக் கேட்கும். சக்கரமுள்ள மவுஸ் 3 என விடையளித்து, அதன்பின் 4 பைட்டுகளாக அனுப்பத் தொடங்கும். இடையில் வடத்தைக் கழற்றி மாட்டினால் மவுஸ் இவ்வுடன்பாட்டை மறந்து விடும். அப்போது சில வேளை அம்பு தாறுமாறாகத் துள்ளுவதும், சக்கரம் செயலற்றுப் போவதும் நேரும். யூஎஸ்பி மவுஸ் தன்னிடமுள்ள உறுப்புகளைத் தானே விவரித்துவிடுவதால் அதற்கு இத்தகைய சிக்கல் இல்லை.

சோதிக்கும் முறை

முதலாவதாக, மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் சக்கரம் இயங்காவிடில் பழுது மவுஸில்தான் உள்ளது. சக்கரத்தின் அச்சில் தலைமயிரும் தூசியும் சுற்றிக்கொள்வது சாதாரணம். ஒருபுறம் சுழற்றுகையில் பக்கம் இடையிடையே எதிர்ப்புறம் தாவினால் என்கோடரில் அழுக்குச் சேர்ந்திருக்கலாம், அல்லது அது தேய்ந்திருக்கலாம். வடத்தைக் கழற்றியபின் மெல்லிய தூரிகையால் துடைத்துப் பார்ப்பது நலம்.

இரண்டாவதாக, மவுஸ் நன்னிலையில் இருப்பின், நிர்வாகி உரிமையுடன் ‘லிப்இன்புட் டிபக்-ஈவென்ட்ஸ்’ என்ற கட்டளையை இயக்கிச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். டெபியன் வகை லினக்ஸில் இக்கட்டளை ‘லிப்இன்புட்-டூல்ஸ்’ என்ற தொகுப்பில் கிடைக்கும். சென்னை சி-டாக் நிலையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. சுழற்றுந்தோறும் திரையில் வரிகள் தோன்றினால் மவுஸும் கெர்னலும் செம்மையாக உள்ளன என்பது தெளிவு.

மூன்றாவதாக, வரிகள் தோன்றாவிடில் யூஎஸ்பி மவுஸை வேறு துளையில் செருகிப் பார்க்கலாம். பிஎஸ்/2 ஆயின் ‘பிஎஸ்மவுஸ்’ என்ற கெர்னல் பகுதியை நீக்கி மீண்டும் ஏற்றினால், மேற்கூறிய உடன்பாடு புதிதாக நிகழும். கம்ப்யூட்டரை நிறுத்தி மீண்டும் இயக்கினும் இதே பயன் உண்டாகும்.

நான்காவதாக, வரிகள் தோன்றியும் ஒரு செயலியில் மட்டும் பக்கம் நகராவிடில் அச்செயலியின் அமைப்புகளையே ஆராய வேண்டும். பக்கம் எதிர்த்திசையில் நகர்ந்தால் அது பழுதன்று. மவுஸ் அமைப்புகளில் இயல்புத் திசை என்னும் தெரிவு இயக்கப்பட்டிருக்கும். அதனை நிறுத்தினால் போதுமானது.

பள்ளிக் கூடத்தில் ஒரே வகையான பல கம்ப்யூட்டர்கள் இருக்குமாயின் மவுஸ்களை மாற்றிச் சோதிப்பது எளிது. மாணவர்களைக் கொண்டே இச்சோதனைகளை வரிசையாகச் செய்வித்து, ஒவ்வொன்றின் முடிவையும் குறித்துவைக்கச் செய்யலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துக் காரணத்தை அறியும் விஞ்ஞான முறையில் அவர்களுக்கு அது நற்பயிற்சியாகவும் அமையும்.