சகோதரனை ஆதாயப்படுத்தல்: சபை ஒழுங்கு குறித்துச் சில சிந்தனைகள்

மனந்திரும்ப மறுக்கும் ஒருவரைத் திருச்சபை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும்? இவ்வினா எழுந்ததும் நம் ஆயர்களுள் பெரும்பாலோர்க்கு முதற்கண் நினைவுக்கு வருவது திருவிருந்து விலக்கேயாகும். புகார் வருகின்றது, சேகரக் கமிட்டி கூடுகின்றது, தீர்மானம் நிறைவேறுகின்றது, அடுத்த ஞாயிறு அறிவிப்பு வாசிக்கப்படுகின்றது. இம்முறைக்கு ஆதாரமாக மத்தேயு 18:15-17 எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆனால் அப்பகுதியைக் கூர்ந்து நோக்குவோமாயின், நாம் தொடங்கும் இடம் அது முடியும் இடம் என்பது புலனாகும்.

அப்பகுதி அமைந்துள்ள இடமே அதன் பொருளை உணர்த்தும். அதற்கு முன்னே தவறிப்போன ஆட்டின் உவமையும், பின்னே இரக்கமற்ற ஊழியக்காரனின் உவமையும் உள்ளன. தேடுதலுக்கும் மன்னித்தலுக்கும் இடையே ஒழுங்கு வைக்கப்பட்டுள்ளது. முதற்படியில் குற்றம் செய்தவனிடம் ஒருவன் தனியே செல்கின்றான். 'உனக்கு விரோதமாக' என நம் மொழிபெயர்ப்பில் காணப்படும் சொற்கள் சீனாய், வத்திக்கான் ஆகிய இரு தொன்மையான கையெழுத்துப்படிகளில் இல்லை. அப்பாடத்தைக் கொள்வோமாயின், தனிப்பட்ட முறையில் புண்பட்டவனுக்கு மட்டுமன்று, சகோதரனின் வீழ்ச்சியைக் காணும் எவனுக்கும் இக்கடமை உண்டு எனலாம். குற்றத்தை 'உணர்த்து' என்பதற்குக் கிரேக்கத்தில் ஆளப்பட்டுள்ள 'எலெங்கோ' என்னும் வினை, லேவியராகமம் 19:17-இன் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் வருகின்றது. பிறனைக் கடிந்துகொள்ளும் கட்டளைக்கு அடுத்த வசனத்திலேயே அங்குப் பிறனை நேசிக்கும் கட்டளை நிற்கின்றது. கண்டிப்பு அன்பின் ஒரு செயலாகவே அங்கு எண்ணப்படுகின்றது. 'ஆதாயப்படுத்திக்கொண்டாய்' என்பதோ வணிகர் வழக்கு. சபை இழக்க இருந்த பொருளை மீட்டுக்கொண்டது என்பது கருத்து.

1947-இல் தொடங்கிக் கும்ரான் குகைகளிலிருந்து கிடைத்த சுருள்களுள் அக்குழுவினரின் ஒழுங்கு நூலும் ஒன்று. சாட்சிகள் முன் கடிந்துகொள்ளாமல் எவர்மீதும் சபையார் முன் வழக்குக் கொண்டுவரலாகாது என அந்நூலும் விதிக்கின்றது. ஆண்டவரின் போதனை யூத மரபில் வேர்கொண்டது என்பதற்கு இது சான்று. எனினும் இறுதிப் படியில் வேறுபாடு உண்டு. செவிகொடாதவன் அஞ்ஞானியையும் ஆயக்காரனையும் போல் எண்ணப்பட வேண்டும் என்று கூறியவர், ஆயக்காரருடன் பந்தியிருந்தவர். இதைப் பதிவு செய்த நற்செய்தி, ஆயத்துறையிலிருந்து அழைக்கப்பட்ட மத்தேயுவின் பெயரால் வழங்குவது.

இங்கு ஒரு தடை எழும். அப்படிப்பட்டவனோடு உண்ணவும் கூடாது எனப் பவுலடியார் 1 கொரிந்தியர் 5:11-இல் எழுதுகின்றாரே? ஆண்டவர் உண்டார், அப்போஸ்தலர் தடுத்தார், இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? பவுல் குறிப்பிடுவது சகோதரன் என்னும் பெயரைத் தாங்கிக்கொண்டே பாவத்தில் நிலைத்திருப்பவனை. அவனோடு பந்தியிருத்தல், அவன் நிலை சரியே என்னும் சான்றிதழாகிவிடும். ஆண்டவர் ஆயக்காரரோடு உண்டது சான்றிதழ் அன்று, அழைப்பு. ஆகவே விலக்கப்பட்டவனைச் சபை இழந்த ஆடாக எண்ணி மீண்டும் நற்செய்தியோடு அணுக வேண்டும். அவனைப் பகைவனாக எண்ணாமல் சகோதரனாகப் புத்திசொல்லும்படி 2 தெசலோனிக்கேயர் 3:15 நினைவூட்டுகின்றது.

கொரிந்துவில் நிகழ்ந்ததை இன்னும் சற்று விரிவாகக் காண்போம். ஒருவன் தன் தந்தையின் மனைவியை வைத்திருந்தான். லேவியராகமம் மட்டுமன்றி உரோமச் சட்டமும் இத்தகைய உறவைத் தடைசெய்தது. வியப்பு யாதெனின், அந்த அதிகாரத்தில் பவுல் அம்மனிதனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனைப் பெயர் சொல்லவும் இல்லை. அவருடைய கடிந்துரை முழுவதும் சபையை நோக்கியது. துக்கப்பட வேண்டியவர்கள் இறுமாந்திருந்தனர். அவன் செல்வாக்குள்ள புரவலனாக இருந்திருக்கலாம் எனச் சில அறிஞர் கருதுவர். உறுதி கூறவியலாத ஊகமே எனினும், நம் சபைகளை அறிந்தவர்க்கு அது புதுமையாகத் தோன்றாது.

மேலும், அங்குப் பவுல் தரும் பட்டியலில் விபசாரக்காரன் மட்டுமில்லை. பொருளாசைக்காரன், விக்கிரகாராதனைக்காரன், உதாசினன், வெறியன், கொள்ளைக்காரன் ஆகியோர் ஒரே வரிசையில் நிற்கின்றனர். நான் பணியாற்றிய சேகரம் ஒன்றின் பழைய ஒழுங்குக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். விலக்கப்பட்டோர் பெண்களும் கூலியாட்களுமே. காரணங்களும் ஓரிரண்டே: முறைகேடான உறவு, சபைக்குப் புறம்பான திருமணம். கடும் வட்டி வாங்கியவரோ, கூலியைப் பிடித்துவைத்தவரோ ஒருவரும் அதில் இல்லை. பவுலின் பட்டியலில் பாதியை நாம் சத்தமின்றி அடித்துவிட்டோம் போலும்.

வலியோரைக் கண்டித்தலுக்குத் திருச்சபை வரலாற்றில் பெரிதும் எடுத்தாளப்படும் சான்று மிலான் நகர ஆயர் அம்புரோசியாருடையது. கி.பி. 390-இல் தெசலோனிக்கேயில் தம் படைத்தலைவன் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கப் பேரரசர் தெயோதோசியு பொதுமக்களைப் படுகொலை செய்வித்தார். ஆயர் பேரரசரை ஆலய வாசலில் தடுத்து நிறுத்தும் காட்சியை ஓவியர் பலர் தீட்டியுள்ளனர். அக்காட்சி பிற்காலத்தாரின் வருணனை. ஆயர் உண்மையில் செய்தது வேறு: நகரைவிட்டு அகன்று, பேரரசர் மட்டுமே வாசிக்கும்படி தம் கைப்பட ஒரு மடல் எழுதினார். மனந்திரும்பாத அரசர் முன்னிலையில் திருவிருந்து நடத்த இயலாது என்பது அதன் சாரம். தனியே சென்று உணர்த்தும் முதற்படி இதுவே. பேரரசர் பகிரங்கமாகப் பாவப்பரிகாரம் செய்து, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் திருவிருந்தில் மீண்டும் சேர்க்கப்பட்டார். ஆனால் இதே ஆயர், 388-இல் கிறிஸ்தவர் எரித்த யூத ஜெப ஆலயத்தை அவர்கள் செலவில் கட்டித்தரும் ஆணையைப் பேரரசர் கைவிடும்படி வற்புறுத்தியவர். ஆயரின் துணிவு எப்பொழுதும் நீதியின் பக்கம் நிற்பதில்லை. அவரையும் திருத்த ஒருவர் தேவை.

நம் நாட்டுச் சபையில் தனியொருவன் பாவத்தினும் கொடிதாகச் சபை முழுவதும் பங்குகொண்ட பாவம் உண்டு. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமை திருச்சபையிலிருந்து முற்றிலும் நீங்க வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். வழக்கம் எனப்பட்டதைப் பாவம் எனப் பெயரிட்ட துணிவு பாராட்டுக்குரியது. தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் வெளியேறினர். தஞ்சைப் பகுதியில் வெளியேறியோர் சிலர் பின்னர் லூத்தரன் சபைகளில் இடம்பெற்றனர். ஒரு சபை விலக்கியவரை அடுத்த சபை விசாரணையின்றி ஏற்றால் ஒழுங்கு என்னாகும் என்னும் வினா அன்று போல் இன்றும் நம்முன் உள்ளது.

'தனியே' என்னும் சொல்லைக் குறித்து ஓர் எச்சரிக்கை அவசியம். சிறுவர் மீதும் பெண்கள் மீதும் இழைக்கப்படும் கொடுமையை, அதிலும் ஊழியர் இழைப்பதை, மூடிமறைக்க இவ்வசனம் பயன்படுத்தப்படுகின்றது. துன்புற்ற பிள்ளையைக் குற்றவாளியிடம் தனியே சென்று பேசச் சொல்லுதல் இவ்வேதப் பகுதியின் கருத்தன்று; அங்குப் பேசப்படுவது சமநிலையிலுள்ள சகோதரர் இருவர். மூப்பரின் பாவம் எல்லோர் முன்னும் கடிந்துகொள்ளப்பட வேண்டும் என 1 தீமோத்தேயு 5:20 கூறுகின்றது. சிறுவர்க்கெதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி கட்டாயம். கமிட்டித் தீர்மானம் அதற்கு ஈடாகாது.

இறுதியாக, மீண்டும் சேர்த்தல். தண்டனை போதும், இனி அவனை மன்னித்துத் தேற்றுங்கள் என 2 கொரிந்தியர் 2:6-8-இல் பவுல் எழுதுகின்றார். அவன் முன்னர் விலக்கப்பட்டவனே எனப் பழைய உரையாசிரியர் பலர் கொண்டனர். பவுலுக்குத் தீங்கிழைத்த வேறொருவன் என்பதே இக்கால அறிஞர் பலரின் கருத்து. எவ்வாறாயினும், மிகுந்த துக்கத்தில் அவன் அமிழ்ந்துபோவானோ என்பதே அப்போஸ்தலரின் அச்சம். அன்பை 'உறுதிப்படுத்துங்கள்' என்பதற்கு அவர் ஆளும் சொல், உடன்படிக்கைகளைச் சட்டப்படி உறுதிசெய்வதைக் குறிப்பது. விலக்கியது சபை கூடி என்றால், சேர்ப்பதும் சபை கூடியே. நம்மிடையே விலக்கு பீடத்திலிருந்து அறிவிக்கப்படுகின்றது. சேர்த்துக்கொள்ளுதலோ ஆயர் அறையில் ஓசையின்றி முடிகின்றது, பல வேளைகளில் நடைபெறுவதே இல்லை. விலக்குத் தீர்மானம் எழுதும் அன்றே, அவரை மாதந்தோறும் சந்திக்கப் போகின்றவர் யார், எந்த நாளில் அது மறுபரிசீலனைக்கு வரும் என்பவற்றையும் அதே ஏட்டில் எழுதிவைக்கலாம்.