இம்பாலாவின் இருதயம்

பட்டுத்தறியின் முன் அமர்ந்து, அறுந்த பாவிழையை அறுந்த இடமே தெரியாதபடி பிணைத்துவிடும் எங்கள் சந்தவாசல் நெசவாளருக்கு, பழைய அமெரிக்க மோட்டார் காருக்குப் புத்துயிரளிக்கும் மெக்கானிக்கின் பிரயாசையை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இராது.

அறுபதுகளில் தமிழ்நாட்டில் செல்வத்தின் சின்னமாகப் பேசப்பட்ட செவர்லே இம்பாலாவுக்கு, 1958-இல் ‘பிக் பிளாக்’ எனும் பேருருவ எஞ்சினை அளித்த கம்பெனியார், 1961-இல் அதையே 409 கன அங்குலமாக, அதாவது ஏறக்குறைய 6.7 லிட்டராகப் பெருக்கி, 360 குதிரைசக்தி பெற்றார்கள். நம் அம்பாஸிடரின் எஞ்சினோ 1,489 சி.சி.தான். வார்ப்பிரும்பு பிளாக்கில் எட்டு சிலிண்டர்களையும் இடைவெளி மிகுத்து அமைத்து, குறுக்களவையும் விரிவாக்கியதால், காற்றும் பெட்ரோலும் ஏராளமாக உட்புகுந்து எரிய, அத்தனை பாரமான வண்டியும் நின்ற நிலையிலிருந்து அநாயாசமாகப் பாய்ந்தது. இத்தகைய வாகனங்களுக்கே பின்னர் ‘மஸில் கார்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. நம் நாட்டில் ஓடிய இம்பாலாக்கள் எல்லாம் இந்த எஞ்சினைத் தாங்கியவையல்ல.

புதுப்பிப்பதில் உள்ள கஷ்டமெல்லாம் எஞ்சினில்தான். இந்த பிளாக்கின் மேற்பரப்பு, சிலிண்டருக்குச் செங்குத்தாக அன்றி 74 பாகைச் சாய்வில் செதுக்கப்பட்டிருப்பதால், தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து ‘ரீபோர்’ செய்து பிஸ்டன் மாற்றுகிறவர் அந்தச் சாய்வுக்கு இசைந்த பிஸ்டனையே தேடவேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடெங்கும் நின்றுபோனமையால், அந்த ஈயத்தின் காப்பை நம்பியிருந்த வால்வு இருக்கைகளுக்குப் பதிலாக உறுதியான எஃகு வளையங்களைப் பொருத்தவேண்டும்; எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலோ கார்பரேட்டரின் பழைய ரப்பர்களை அரித்துவிடுகிறது.

இத்தனை சிரமத்துக்கும் பெட்ரோல் செலவுக்கும் அஞ்சி, மூல எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்ட அமெரிக்க வண்டிகள் இங்கே பல. வெளியே வர்ணமும் குரோமியமும் ஜொலிக்க, உள்ளே அந்நிய எஞ்சின் உறுமுவதை ஜீர்ணோத்தாரணம் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இசைவதில்லை.

சட்டமும் ஏறத்தாழ அவ்வாறே கருதுகிறது. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டைக் கடந்து, எஞ்சினும் அடிச்சட்டமும் உடற்கூடும் மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிக்கே, 20,000 ரூபாய் கட்டணத்தில், ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்களோடு விண்டேஜ் பதிவெண் கிட்டும். கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கன்றி அன்றாடம் ஓட்டவும் கூடாது.

ஆகவே, உங்கள் கொட்டகையில் பழைய அமெரிக்க எஞ்சின் ஏதேனும் துருப்பிடித்துக் கிடந்தால், பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டு அனுப்பிவிடாமல், விஷயமறிந்த மெக்கானிக் ஒருவரிடம் முதலில் காட்டும்படி வேண்டிக்கொள்கிறேன்.