வண்டிமேல் ஓர் ஏரியல்

1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியை மட்டக்களப்பார் மறவார். அத்தகைய வேளையில் எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைக்கவல்லது, பிக்கப் வண்டியிற் பொருத்திய அமெச்சூர் வானொலி. 2004 டிசம்பர்க் கடற்கோளின்போது அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்குமிடையே செய்தி சுமந்தவர்கள், ஊதியம் கருதாத அமெச்சூர் வானொலியாளரே.

ஏரியலை எங்கே நாட்டுவது? வாவியின் இரு கரைகளுக்கிடையே பேச உதவும் 2 மீற்றர் அலைக்கு, அதன் காற்பங்கான ஏறத்தாழ 50 சென்றிமீற்றர்க் கம்பி போதும். ஆயினும் கம்பி பாதி ஏரியலே. மறுபாதி வண்டியின் உலோகக் கூரை. ஆதலின் கூரையின் நடுவே நாட்டுதல் நலம். கொழும்பை எட்டும் 40 மீற்றர் அலைக்குக் காற்பங்கே 10 மீற்றராதலால், கம்பிச்சுருள் இணைத்து ஏரியலைக் குறுக்குவர்.

ஏரியலின் அடி, வண்டியின் உலோகத்தோடு இறுகப் பொருந்தல் வேண்டும். உப்புக்காற்று அவ்விணைப்பிற் துருவேற்றும். இடையிடையே துடைத்துப் பேணாவிடின், ஆபத்து வேளையில் ஏரியல் இருந்தும் வானொலி ஊமையாகும். உரிமம் பெற்று இக்கலையைப் பயில மாணவர் முன்வருவாராக!