பாய்மரப் படகுக்குள் மின்கம்பியின் பாதை

‘வயரிங்’ என்றதும் நம்மில் பலருக்கு வீட்டுச் சுவரும் வெள்ளை பிளாஸ்டிக் பைப்பும்தான் நினைவுக்கு வரும். செரண்டா வட்டாரத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்கும் அப்படித்தான். பலகைச் சுவரில் கிளிப் அடித்து ஓட்டிய வயர் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பல்லியைத் தவிர அதைத் தொடுவார் இல்லை. பாய்மரப் படகிலோ சுவரே ஓயாமல் ஆடும், காற்றே உப்பாக இருக்கும்.

புதுச்சேரியைச் சேர்ந்த இந்தியக் கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும், 2024 அக்டோபர் 2ஆம் நாள் 17 மீட்டர் நீளமுள்ள ‘தாரிணி’ என்ற படகில் கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டனர். 2025 மே மாத இறுதியில் கரை திரும்பினர். படகில் இருவர் மட்டுமே. நடுக்கடலில் வானொலியோ பம்போ நின்றுபோனால் கூப்பிட மின்பணியாளர் ஏது? எனவே, கம்பி எந்த வழியாகப் போகிறது என்பது இத்தகைய பயணத்தில் உயிர்ப்பிரச்சினை.

முதல் எதிரி தண்ணீர். படகின் அடித்தளத்தில் கசிவுநீர் தேங்கும். ஆகவே கம்பிகளை மேல்தளத்தை ஒட்டி, அலமாரிகளின் பின்புறமாகக் கொண்டுபோவார்கள். அடித்தளப் பம்புக்குக் கம்பி கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். அதன் இணைப்பை மட்டும் மேலே, உலர்ந்த இடத்தில் வைப்பர். கருவிக்குள் நுழையுமுன் கம்பியைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால், வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

அடுத்தது அசைவு. வீட்டில் பயன்படும் தடித்த ஒற்றைச் செம்புக்கம்பி அதிர்வில் முறிந்துவிடும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த, வெள்ளீயம் பூசிய செம்புக்கம்பியே கடலுக்கு ஏற்றது. கோலசிலாங்கூர் மீன்பிடிப் படகுகளுக்கும் இது பொருந்தும். சுமார் 45 சென்டிமீட்டருக்கு ஒரு பிடிப்பு வேண்டும். பலகையைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், ஒவ்வோர் அலைக்கும் உறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் தீயில் முடியும். பியூசை பேட்டரிக்கு மிக அருகில் வைப்பதும் இதற்காகத்தான். தொலைவில் வைத்தால், பேட்டரிக்கும் பியூசுக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இராது.

இங்கேதான் ஒரு சிக்கல். உலர்ந்த பாதை பெரும்பாலும் சுற்றுப்பாதை. 10 மீட்டர் தொலைவிலுள்ள கருவிக்குப் போக வர 20 மீட்டர் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.7 வோல்ட் வழியிலேயே இழப்பு. 240 வோல்ட் வீட்டில் இது தூசு; 12 வோல்ட் படகில் 6 விழுக்காடு! பயண விளக்கு, வானொலி போன்றவற்றுக்கு 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது நடைமுறை. அதனால் 6 சதுர மில்லிமீட்டர் கம்பி தேவைப்படும். விலை கூடும், எடையும் கூடும். இருந்தும், செம்பை மிச்சப்படுத்த ஈரத்தின் வழியே குறுக்குப்பாதை பிடிப்பதைவிட இதுவே மேல் என்பேன்.

காந்தத் திசைகாட்டியின் பக்கத்தில் ஒற்றைக் கம்பியாக நேர்மின்னோட்டம் சென்றால் முள் விலகும். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரண்டின் காந்தப்புலங்களும் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடும். காற்றுமானி போன்ற உணர்கருவிகளின் மெல்லிய கம்பிகளை மின்கம்பிக் கட்டிலிருந்து விலக்கியே ஓட்டவேண்டும்.

வேலை முடிந்ததும் அனுபவசாலிகள் கம்பியின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுவார்கள். குழாய்க்குள் ஒரு வெறும் நூலையும் விட்டுவைப்பார்கள். நாளை இன்னொரு கம்பி தேவைப்பட்டால், அந்த நூலில் கட்டி இழுத்தால் போதும்.