கழற்றினால் திரும்பும் கோணல்

கடைசி மாவுக்கட்டைப் பிரித்ததும் தாயின் முகத்தில் நிம்மதி. உள்பக்கமாக மடங்கியிருந்த பாதம் இப்போது மற்ற குழந்தைகளின் பாதம் போலவே இருக்கிறது. ஆனால், டாக்டர்களின் கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இனி மாட்டவேண்டிய ஷூவை வீட்டில் கழற்றிப் போட்டுவிடுவார்களோ?

ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தை 'கிளப் ஃபுட்' எனப்படும் கோணல் பாதத்துடன் பிறக்கிறது. கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வந்ததுதான் காரணம் என்று தாயின் மீது பழி போடுவது இன்னமும் உண்டு. உண்மையில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் தெரிவதில்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண் குறுகி, குதிகாலை மேலே இழுத்துவிடுகிறது.

ஸ்பெயினில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த டாக்டர் இக்னேசியோ பொன்செட்டி (1914-2009) இதற்கு எளிய வழி கண்டார். பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி, தொடைவரை மாவுக்கட்டு. வாரம் ஒரு புதிய கட்டு. பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் வழிக்கு வந்துவிடும். குதிகால் மட்டும் இறங்காவிட்டால் (பலருக்கு இறங்காது) மரத்துப்போக மருந்து கொடுத்து தசைநாணைத் துண்டிப்பார்கள். மூன்று வாரக் கடைசிக் கட்டுக்குள் அது போதிய நீளத்தில் வளர்ந்து கூடிவிடும்.

பிறகுதான் பிரேஸ். தோள் அகலத்துக்கு ஒரு தண்டு, அதன் இரு முனைகளிலும் ஷூக்கள். கோணல் பாதம் 60 முதல் 70 டிகிரியும் நல்ல பாதம் 30 முதல் 40 டிகிரியும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். முதல் 3 மாதம் தினமும் 23 மணி நேரம். அதன்பின் 4 அல்லது 5 வயதுவரை தூங்கும் நேரத்தில் மட்டும். பிரேஸ் கோணலைத் திருத்தாது. திருத்தியதைக் காப்பாற்றும். நிறுத்தினால் பாதம் மீண்டும் உள்ளே திரும்பக்கூடும். மறுபடி மாவுக்கட்டு, சிலருக்கு அறுவை சிகிச்சை.

தடைகள் வீட்டிலேயே இருக்கின்றன. குழந்தை அழும். "பச்சைப் பிள்ளைக்கு விலங்கா?" என்பார் பாட்டி. அடுத்த அளவு ஷூவுக்காக நகரத்துக்குப் போனால் அன்றைய கூலி போகும். மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் இக்குறைபாடும் சேர்க்கப்பட்டிருப்பதால் சிகிச்சை இலவசம். பயணமும் பொறுமையும் பெற்றோருடையவை.

முதல் சில இரவுகளின் அழுகை பொதுவாகப் பழக்கமின்மையால் வருவது. இரு முழங்கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால் குழந்தை பழகிக்கொள்ளும். பருத்தி சாக்ஸ் அவசியம். குதிகால் ஷூவின் அடியில் பதிந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கவேண்டும். கொப்புளமோ மாறாத சிவப்போ தெரிந்தால், தாமாகவே பிரேஸைக் கைவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.

இப்படிக் காப்பாற்றினால், பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் சாதாரணச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.